கருமருந்தும் கார்டைட்டும்: அருவங்காடு

கார்டைட் என்பது தோட்டாவினுள் இடப்படும் புகை குறைந்த வெடிமருந்து. 1889இல் இங்கிலாந்தில் பிரெடரிக் ஏபெல், ஜேம்ஸ் தேவார் ஆகியோர் உருவாக்கினர். இந்தியாவில் இதைத் தயாரிக்க, நீலகிரியில் குன்னூரை அடுத்த அருவங்காட்டில் 1903இல் தொழிற்சாலை நிறுவப்பட்டது.

அதற்கு முன் கருமருந்துதான். வேட்டைக்காரர்கள் அதை அளந்து கையாலேயே துப்பாக்கி கெட்டித்தனர். குறி தப்பாமலிருக்க, மருந்து நிறைய இருப்பதைவிட ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருப்பதே முக்கியம். குறைந்தால் குண்டின் வேகம் குறைந்து, தொலைவிலுள்ள இலக்கை எட்டுமுன் தாழ்ந்துவிடும். மிகவும் கூடினால் குழலே வெடித்துச் சுடுபவரின் உயிருக்கே ஆபத்தாகும். அளவு சரியாக இருந்தாலும், எரிந்த கருமருந்தில் பாதிக்கு மேல் கசடாகிக் குழலில் படியும். அடுத்த குண்டின் போக்கு கெடும்.

கார்டைட் இந்தச் சிக்கலைப் பெரிதும் குறைத்தது. பிசைந்த மருந்தை இடியாப்பம் பிழிவதுபோல் அச்சில் பிழிந்து இழைகளாக்கினர். கயிறு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லே பெயருக்கு மூலம். நம் காவலர்கள் ‘திரீ நாட் திரீ’ என்றழைத்த 303 ரைஃபிளின் தோட்டாவில் இருந்த இழை ஒரு மில்லிமீட்டரைவிடச் சற்று மெல்லியது. இழையின் கனம் மருந்து எரியும் வேகத்தையும், இழைக்கட்டின் எடை மொத்த விசையையும் தீர்மானித்தன.

வெயில்தான் தொல்லை. வெப்பம் ஏறினால் கார்டைட்டின் அழுத்தமும் ஏறும். ஆகவே இந்தியா போன்ற நாடுகளில் வேட்டையாடுவோருக்காக, மருந்தைச் சற்றுக் குறைத்த ‘வெப்பநாட்டுத் தோட்டா’க்களை ஆங்கிலேய நிறுவனங்கள் விற்றன. அதே தோட்டாவைக் குளிர்நாட்டில் சுட்டால் வேகம் குறைந்து குண்டு தாழ்வாக விழும்.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். அருவங்காட்டுத் தொழிற்சாலை 2021 முதல் மத்திய அரசின் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின்கீழ் இயங்குகிறது.