தாத்தா கொடுத்த விதை: 'ஜெர்மன் பிங்க்' தக்காளி பிழைத்த கதை

இன்னைக்கு எபிசோட்ல ராஜா கிடையாது, போர் கிடையாது. ஒரு விவசாயக் குடும்பம், அந்தக் குடும்பம் ஏறக்குறைய தொண்ணூறு வருஷம் கைவிடாமல் விதைத்துவந்த ஒரு தக்காளி, அவ்வளவுதான்.

காய்கறிக் கடையில் "நாட்டுத் தக்காளியா, பெங்களூர் தக்காளியா?" என்று கேட்பார்கள் இல்லையா? ரசத்துக்கு நாட்டுத் தக்காளி, நாலு நாள் வச்சிருக்கணும்னா பெங்களூர் தக்காளி. அந்தக் கேள்விக்குள்ளேயே இன்றைய கதையில் பாதி இருக்கு. மீதிக் கதை நடந்தது அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில், செயின்ட் லூகஸ் என்ற சின்ன ஊரில்.

1880-களில் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து ஆட் என்ற குடும்பம் அங்கே குடியேறியது. கப்பலில் அவர்களோடு வந்தவற்றில் ஒரு தக்காளி விதையும் இருந்தது. இது ஒரு விசித்திரமான பயணம். தக்காளியின் பூர்வீகமே தென் அமெரிக்காதான். ஸ்பானியர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சில நூறு வருஷம் வளர்ந்து, உருமாறி, ஒரு குடியானவர் குடும்பத்தின் மூட்டையில் மறுபடி அட்லாண்டிக்கைத் தாண்டி வருது. நம்ம ஊருக்கும் தக்காளி ஐரோப்பியர்கள் வழியாகத்தான் வந்தது. அதனால எது 'நாட்டு' எது 'சீமை' என்பதில் நான் ரொம்பக் கறாராக இருப்பதில்லை.

அந்தத் தக்காளிக்குப் பின்னால் வந்த பெயர்தான் 'ஜெர்மன் பிங்க்'. இளஞ்சிவப்பு நிறம். ஒரு பழம் ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும், சில சமயம் அதைப்போல இரண்டு மடங்குகூட வரும். சதை அதிகம், விதை ரொம்பக் குறைவு. சாப்பிடுகிறவருக்கு அது வரம். விதை எடுக்கிறவருக்குக் கொஞ்சம் கஷ்டம்.

விதை எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். தக்காளிப் பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் ஒன்றாகவே இருக்கு. பெரும்பாலும் பூ திறக்கும்போதே தனக்குத்தானே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ளும். அதனால் இன்றைய பழத்தின் விதையைப் போட்டால் பெரும்பாலும் அதே பழம்தான் திரும்ப வரும். ஒரு குடும்பம் ஆராய்ச்சி நிலையம் எதுவும் இல்லாமல் ஒரு ரகத்தை மூன்று தலைமுறைக்குக் காப்பாற்ற முடிந்தது இதனால்தான். சோளத்தில் இது இவ்வளவு சுலபமில்லை. பக்கத்து வயல் மகரந்தம் காற்றில் வந்து கலந்துடும்.

ஆனால் 'காப்பாற்றுவது' என்றால் டப்பாவில் போட்டு மூடி வைப்பது இல்லை. நல்லா பழுத்த, இருப்பதிலேயே சிறந்த பழத்தைச் சாப்பிடாமல் ஒதுக்கணும். விதையையும் அதைச் சுற்றியுள்ள வழவழப்பான கூழையும் ஒரு டம்ளரில் போட்டு இரண்டு மூன்று நாள் விடணும். புளித்து, ஆடை கட்டி, வீடே நாறும். அந்தக் கூழில் விதையை முளைக்கவிடாமல் தடுக்கும் பொருட்கள் இருக்கு. புளிக்கும்போதுதான் அது கரையும். பிறகு கழுவி, நிழலில் உலர்த்தி, உறையில் போட்டுப் பெயர் எழுதணும். சாதாரண வீட்டில் அந்த விதை நாலைந்து வருஷம் நன்றாக இருக்கும். அதற்குள் யாராவது திரும்ப விதைக்கணும். விதைநெல் எடுத்து வைத்த வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வீட்டில் ஒரே ஒரு தலைமுறை 'நமக்கெதுக்கு'ன்னு விட்டாலும் போச்சு.

ஆட் குடும்பம் விடவில்லை. அமெரிக்கா விட்டது.

1949-இல் பர்ப்பி விதை நிறுவனம் 'பிக் பாய்' என்ற ஒட்டுத் தக்காளியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெரிய பழம், நிறைய காய்ப்பு. இரண்டு வேறு ரகங்களைச் சேர்த்து உருவாக்கிய முதல் தலைமுறை விதை அது. அதன் பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டால் செடிக்குச் செடி வேறு மாதிரி வரும். அதனால் வருஷா வருஷம் கடைக்குத்தான் போகணும். விவசாயிகளை ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட எனக்கு விருப்பமில்லை. அந்த விதை நிஜமாகவே நன்றாகக் காய்த்தது, மக்கள் விரும்பி வாங்கினார்கள். நாறுகிற டம்ளரிலிருந்து விடுதலை கிடைக்கும்போது யார்தான் வேண்டாம் என்பார்கள்?

விலை வேறு இடத்தில் கொடுக்கப்பட்டது. சந்தைக்குப் பழம் ஒரே சீராகப் பழுக்க வேண்டியிருந்தது. காயாக இருக்கும்போது காம்புப் பக்கம் கரும்பச்சையாக இல்லாமல் முழுக்க ஒரே வெளிர்பச்சையாக இருக்கும் செடிகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து, 2012-இல், 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு அதன் காரணத்தைச் சொன்னது. அந்தச் சீரான நிறத்தைத் தருவது ஒரு பழுதான மரபணு. பழுதாகாத மரபணு காயில் பச்சையத்தைக் கூட்டி, பழத்தில் சர்க்கரையை ஏற்றும். அழகுக்காகத் தேர்ந்தெடுத்தபோது இனிப்பும் கூடவே போயிருக்கு.

இப்போ மறுபடி செயின்ட் லூகஸுக்குப் போவோம். 1970-களின் தொடக்கம். பாப்டிஸ்ட் ஜான் ஆட் வயதான விவசாயி. பேத்தி டயானும் அவர் கணவர் கென்ட் வீலியும் புதுசாகக் கல்யாணமானவர்கள், தோட்டம் போட ஆசைப்படுகிறவர்கள். தாத்தா அவர்களுக்கு இரண்டு விதைகளைக் கொடுத்தார். ஒன்று ஜெர்மன் பிங்க். இன்னொன்று ஊதா நிறத்தில் பூக்கும் ஒரு கொடி. இரண்டும் தன் பெற்றோர் பவேரியாவிலிருந்து கொண்டுவந்தவை என்று சொன்னார். அதன்பிறகு அவர் அதிக நாள் இல்லை.

அந்த இளம் தம்பதிக்கு உறைத்தது இதுதான்: இனி இந்த விதை இருப்பதும் அழிவதும் தங்கள் இரண்டு பேர் கையில். அவர்கள் விதைக்காவிட்டால் முடிந்தது. தாத்தா சொல்லாமல் போயிருந்தால் ஏற்கனவே முடிந்திருக்கும்.

அதற்கு அவர்கள் செய்ததுதான் இந்தக் கதையிலேயே முக்கியமான விஷயம்னு நான் நினைக்கிறேன். விதையைக் குடும்பச் சொத்தாகப் பூட்டி வைக்கவில்லை. தங்களைப் போலவே யாரிடமெல்லாம் தாத்தா பாட்டி விதை இருக்கிறதோ, அவர்களைத் தேடி இதழ்களுக்குக் கடிதம் எழுதினார்கள். 1975-இல் 'ட்ரூ சீட் எக்ஸ்சேஞ்ச்' என்ற பெயரில் ஆறு பக்கப் பட்டியல் ஒன்று வந்தது. யாரிடம் என்ன விதை இருக்கு, யாருக்கு என்ன வேணும், அவ்வளவுதான் அதில். உறுப்பினர்கள் 29 பேர். அதுதான் பிறகு 'சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்' ஆனது. இன்று அயோவாவில் டெகோரா ஊருக்கு அருகே அதற்குச் சொந்தப் பண்ணை இருக்கு. சுமார் 20,000 ரகங்களின் விதைகள் அவர்களிடம் இருக்கு.

இணையத்தில் ஒரு படம் சுற்றும், பார்த்திருப்பீங்க. 1903-இல் அமெரிக்க விதைப் பட்டியல்களில் 408 தக்காளி ரகங்கள், 1983-இல் தேசிய விதைச் சேமிப்பகத்தில் 79. பார்த்தாலே நெஞ்சு பதறும். ஆனால் அந்த ஒப்பீட்டில் ஒரு ஓட்டை இருக்கு. ஒரு பக்கம் கடைகளின் பட்டியல், இன்னொரு பக்கம் அரசுக் கிடங்கு. பால் ஹீல்ட், சுசானா சாப்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பட்டியலோடு பட்டியலை ஒப்பிட்டார்கள். 48 பயிர்களில் 1903-இல் 7,262 ரகங்கள், 2004-இல் சுமார் 7,100. கிட்டத்தட்ட சமம்! பழைய ரகங்களில் பெரும்பாலானவை அந்தப் புதிய பட்டியலில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் எண்ணிக்கை மறுபடி நிரம்பியதில், வெளிநாட்டிலிருந்து வந்த ரகங்களோடு சேர்த்து, வீட்டுத் தோட்டத்தில் வைத்திருந்து விதையைக் கைமாற்றிய இந்த மாதிரி ஆட்களுக்கும் பங்கு இருக்கு.

கதை இங்கேயே இனிப்பாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. 2007-இல் கென்ட் வீலி தான் சேர்ந்து தொடங்கிய அமைப்பிலிருந்தே வெளியேற்றப்பட்டார். அடுத்த வருஷம் நார்வேயின் ஸ்வால்பார்டில் பனிமலைக்குள் உலக விதைப் பெட்டகம் திறந்தது. மைனஸ் 18 டிகிரியில் விதைகள் உறங்கும் இடம். சீட் சேவர்ஸ் தன் விதைகளையும் அங்கே அனுப்பியது. கென்ட் அதை வெளிப்படையாக எதிர்த்தார். குடும்பங்கள் நம்பிக் கொடுத்த விதைகள் அவை, அவற்றின் மேல் உள்ள பிடி கைநழுவிப் போகும் என்பது அவர் பயம். பெட்டகத்தில் வைத்தாலும் விதை கொடுத்தவருக்கே சொந்தம், ஒரு பிரதி பத்திரமாக இருப்பதில் தப்பென்ன என்பது எதிர்த்தரப்பு வாதம்.

நான் இதில் பெட்டகத்தின் பக்கம்தான் சாய்கிறேன், அரை மனதோடு. தீ, வெள்ளம், போர் எல்லாம் தோட்டத்துக்கு வரும். அதே நேரம் கென்டின் கோபமும் எனக்குப் புரியுது. உறைந்த விதை புதிய பூச்சியைப் பார்ப்பதில்லை, புதிய வெயிலைப் பார்ப்பதில்லை. அங்கேயும் விதைக்கு வயதாகும். ஒருநாள் எடுத்து யாராவது நட்டுத்தான் ஆகணும். அப்போது அந்தப் பழத்தின் ருசி எப்படி இருக்கணும்னு தெரிந்த ஒருவர் தேவை.

கென்ட் 2018-இல் இறந்தார். டயான் தன் விதை வாழ்க்கையை 2011-இல் ஒரு புத்தகமாக எழுதியிருக்கிறார், 'கேதரிங்' என்ற பெயரில். பவேரியாவிலிருந்து வந்த அந்தத் தக்காளியின் விதை இன்று ஒரு சின்ன உறையில் யாருக்கும் விலைக்குக் கிடைக்கும். வாங்குகிற ஆட்களில் பெரும்பாலோருக்கு ஆட் குடும்பத்தோடு எந்த உறவும் கிடையாது.

உங்க வீட்டில் அம்மாச்சியோ தாத்தாவோ எந்த விதையாவது எடுத்து வைத்திருந்தால், சுரைக்காயோ அவரையோ எதுவானாலும், அது எங்கிருந்து வந்ததுன்னு கேட்டு எங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.