பாஸ்டன் மேற்றிராசனத்தின் இரகசியப் பத்திரங்கள்

ஒவ்வொரு மேற்றிராசன அலுவலகத்திலும் இரகசியப் பத்திரங்களுக்கென்று தனி அறையோ, இடம் பெயர்க்க முடியாத பெட்டகமோ இருத்தல் வேண்டும் என்றும், அதன் சாவி மேற்றிராணியார் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்றும், ஒழுக்க சம்பந்தமான குற்ற வழக்குகளில் குற்றவாளி இறந்துவிட்டாலோ தண்டனைத் தீர்ப்பாகிப் பத்து ஆண்டுகள் கழிந்தாலோ, சுருக்கக் குறிப்பும் தீர்ப்பின் வாசகமும் நீங்கலாக மற்றவற்றை அழித்துவிட வேண்டும் என்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு விதிக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், திருச்சபை தானாக வெளியிட மறுத்த பத்திரங்களை நாட்டின் நீதிமன்றம் வெளிக்கொணர்ந்த வரலாறு, அதிகாரத்தைக் கேள்வி கேட்பார் இல்லாத இடத்தில் குழந்தைகளின் கதி என்னவாகும் என்பதைக் காட்டும் வரலாறாகும்.

1808-இல் மேற்றிராசனமாகத் தோன்றி 1875-இல் அதிமேற்றிராசனமாக உயர்ந்த பாஸ்டன், அயர்லாந்துப் பஞ்சத்திற்குத் தப்பிக் கப்பலேறி வந்த ஏழை ஜனங்களின் காசினாலும் பக்தியினாலும் எழும்பியது. அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் போலீஸ் அதிகாரிகளாகவும் நீதிபதிகளாகவும் சட்டசபை அங்கத்தினராகவும் ஆனபோதும், குருவானவரை எதிர்த்து ஒரு சொல் சொல்வது தெய்வ நிந்தனைக்குச் சமானம் என்ற எண்ணம் அவர்களை விட்டு அகலவில்லை. ஆகவேதான், பல பிள்ளைகளோடு தனித்து அல்லற்பட்ட தாய்மாரின் வீடுகளைத் தேடிச் சென்ற ஜான் கேகன் என்ற குரு, இரவில் சிறுவர்களுக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்து உறங்க வைக்க நான் இருக்கிறேன் என்று முன்வந்தபோது, அந்தத் தாய்மார் அதைத் தங்கள் இல்லத்துக்கு வாய்த்த பாக்கியமாகவே கருதினார்கள். சிறுவர்களைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்க அந்த நம்பிக்கையையே அவர் கருவியாக்கிக்கொண்டார் என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு பதைக்கிறது.

1962-இல் குருப்பட்டம் பெற்ற கேகன், மூன்று பதிற்றாண்டுகளில் ஆறு பங்குகளில் ஊழியம் செய்தார். புகார் எழுந்தபோதெல்லாம் ‘சுகவீன விடுப்பு’ என்ற பெயரில் சில காலம் ஒதுக்கி வைக்கப்பட்டு, மருத்துவர் ஒருவரின் சான்றிதழோடு, தம்மைப் பற்றி ஏதும் அறியாத வேறொரு பங்குக்கு அனுப்பப்பட்டார். தம் குடும்பத்துச் சிறுவர் எழுவரைக் கேகன் கெடுத்ததை 1982-இல் ஒரு பெண்மணி அப்போதைய அதிமேற்றிராணியார் கர்தினால் மெடெய்ரோஸுக்குக் கடிதத்தில் எழுதி முறையிட்டார். வந்த பதிலோ கடவுளின் இரக்கத்தைப் பற்றிப் பேசியது. 1984-இல் பெர்னார்டு லா அதிமேற்றிராணியாராகப் பொறுப்பேற்ற பின்னும் வழக்கம் மாறவில்லை. டார்செஸ்டர் பங்கிலிருந்து விலக்கப்பட்ட கேகன் அவ்வாண்டின் இறுதியிலேயே வெஸ்டன் என்னும் வசதியான ஊரின் பங்கில் நியமிக்கப்பட்டார். இந்த நியமனம் தகாதது என்று துணை மேற்றிராணியார் ஜான் டார்சி அவ்வாண்டு டிசம்பரில் லாவுக்கு எழுத்து மூலமாக எச்சரித்தும், கேகன் 1993 வரை பங்குப் பணியில் நீடித்தார். தெரியாமல் நேர்ந்த பிழை என்று சொல்ல இங்கே இடமில்லை. கடிதம் வந்தது, கோப்பில் சேர்ந்தது, உத்தரவும் நின்றது.

பாதிக்கப்பட்டோரில் பலர் ஈடு பெற்றுக்கொண்டு, வெளியே பேசுவதில்லை என்ற உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தமையால், ஒரு குடும்பத்தின் துயரம் அடுத்த தெருவுக்குத் தெரியாமல் இருந்தது. இம்மௌனத்தைக் கலைத்ததில் பாஸ்டன் குளோப் பத்திரிகையின் ‘ஸ்பாட்லைட்’ என்னும் புலனாய்வுக் குழுவினர் கையாண்ட முறை கவனிக்கத்தக்கது. அதிமேற்றிராசனமே ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிட்ட குருமார் விவரக் கையேடுகளை வரிசையாக எடுத்து, எந்தெந்தக் குருவின் பெயருக்கு எதிரே ‘சுகவீன விடுப்பு’, ‘நியமனத்துக்குக் காத்திருப்பவர்’ என்பன போன்ற குறிப்புகள் காணப்படுகின்றன என்று வரி வரியாகப் பட்டியலிட்டார்கள். மறைப்பதற்கென்று புனைந்த சொற்களே மறைக்கப்பட்டவர்களை அடையாளம் காட்டின.

பத்திரிகையின் மனுவை ஏற்று, நீதிபதி கான்ஸ்டன்ஸ் சுவீனி 2001 நவம்பரில் கேகன் தொடர்பாகப் பாதிக்கப்பட்டோர் தொடுத்திருந்த வழக்குகளின் முத்திரையிட்ட ஆவணங்களைத் திறந்துவிட உத்தரவிட்டார். 2002 ஜனவரி 6-இல் வெளியான முதல் கட்டுரை, 130-க்கும் மேற்பட்டோர் கேகன்மீது குற்றம் சாட்டியிருப்பதை உலகறியச் செய்தது. அதன் பின் வெல்லஸ்லியில் கோயிலின் கீழ்த்தளத்தில் கூடிய சாதாரண விசுவாசிகள் ‘விசுவாசிகளின் குரல்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். டிசம்பரில் 58 குருமார் தங்கள் தலைவரே பதவி விலக வேண்டுமென்று கையொப்பமிட்டார்கள். கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுத்த குருமார் இப்படிச் செய்ய எத்துணைத் துணிவு வேண்டியிருந்திருக்கும்! டிசம்பர் 13-இல் லா விலகினார்.

1940 முதல் அதிமேற்றிராசனத்தின் குருமார் முதலானோர்மீது குறைந்தது 789 பேர் புகார் அளித்திருப்பதாக மாநில அட்டர்னி ஜெனரல் தாமஸ் ரெய்லி 2003 ஜூலையில் அறிக்கை வெளியிட்டார். ஆயினும், அக்காலச் சட்டத்தின்படி தலைவர்கள்மீது குற்ற வழக்குத் தொடர இயலாதென்றும் அதிலேயே முடிவு கூறினார். அவ்வாண்டே 8.5 கோடி டாலர் ஈட்டுக்கு உடன்பாடு ஏற்பட்டது. லாவோ 2004-இல் ரோமாபுரியின் புனித மரியா பெரிய பேராலயத்துக்குத் தலைமைக் குருவாக நியமனம் பெற்றார். பாதிக்கப்பட்டவர்களின் கண்ணீர் உலராத வேளையில் அளிக்கப்பட்ட அந்தக் கௌரவம், நடந்த குற்றத்தின்மேல் மற்றொரு குற்றமாகவே எனக்குத் தோன்றுகிறது. குற்றத்தை மூடி மறைக்கும் மேற்றிராணிமாரையும் விசாரிப்பதற்கான நடைமுறையைப் போப் பிரான்சிஸ் 2019-இல்தான் வகுத்தார். அதுவும் குருமாரின் புகார்க் கடமையைத் திருச்சபை அதிகாரிகளோடு நிறுத்தி, போலீஸிடம் செல்வதை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கே விட்டுவிட்டது. அத்தகைய சட்டம் இல்லாத நாட்டில் ஒரு சிறுவனின் முறையீடு இன்றும் மேற்றிராணியாரின் மேசையோடு நின்றுவிடக்கூடும்.