ஏழில் எஞ்சிய மூன்று

அந்தமானுக்குப் பிரயாணம் என்று கல்கத்தாவின் டாக்குரியாவில் யாரிடமாவது சொன்னால், இளைஞர்கள் கடற்கரையைப் பற்றிப் பேச, வயோதிகர்களோ பாரீந்திர குமார் கோஷ், உல்லாஸ்கர் தத்தர் என்னும் நாமங்களைத் தம் வீட்டு மூத்தோரை நினைப்பது போல் நினைத்துக்கொள்கிறார்கள். அவ்விருவரும், இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க அலிப்பூரில் நடந்த வெடிகுண்டு வழக்கில் தண்டனை பெற்று, 1909-ல் கடல் கடத்தப்பட்டவர்கள்.

1896-ல் தொடங்கி 1906-ல் முடிந்த போர்ட் பிளேர் செல்லுலார் சிறை, நடுக்கோபுரத்தினின்று கிளைத்த ஏழு மூன்றடுக்குக் கட்டடங்களாக இருந்தது. ஒரு கட்டடத்து அறைகளின் முகம் அடுத்த கட்டடத்தின் முதுகையே பார்க்கும்படி அமைத்ததால், கைதி கைதியின் முகத்தைக் காண வழியில்லை; பதின்மூன்றரை அடிக்கு ஏழடி அறையில், கைக்கெட்டாத உயரத்தில் ஒரு சாளரம். என் கண்ணை விட்டு அகலாதது கதவுத் தாழ்ப்பாள்தான். கம்பிகளுக்கிடையே கையை எவ்வளவு நீட்டினாலும் எட்டாத தூரத்தில், வெளிச்சுவரில் குடைந்த மாடத்துக்குள் போய் அது விழுகிறது. மனிதனை அடைப்பதற்கு இவ்வளவு நுட்பமாகச் சிந்தித்த பொறியாளரின் மூளையை மெச்சுவதா, வெறுப்பதா?

நாளொன்றுக்கு 30 ராத்தல் தேங்காயெண்ணெய் ஆட்ட வேண்டிய செக்கின் மாதிரி அங்கே இருக்கிறது. 1908-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கும் தீவாந்தர தண்டனையே விதித்தார்கள்; மேல்முறையீட்டில் அது குறைந்து அந்தமான் தப்பியதே தவிர, கோயமுத்தூர்ச் சிறையில் செக்கு தப்பவில்லை. உல்லாஸ்கர் கதை வேறு. கை விலங்கிட்டு நிற்க வைத்த தண்டனையிலும் ஜுரத்திலும் சித்தம் கலங்கி, அவர் அனுப்பப்பட்ட இடம் நம் சென்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. 1920 வரை விடுதலையில்லை. கீழ்ப்பாக்கத்து வழியே போகிற நம்மில் எத்தனை பேருக்கு இது ஞாபகம்?

செல்லுலார் சிறையில் நடந்த 1933-ஆம் வருஷ உண்ணாவிரதத்தில், வலுக்கட்டாயமாகப் பாலூட்ட முயன்றதில் மஹாவீர் சிங் உள்ளிட்ட மூவர் மாண்டனர். பூகம்பமும், ஜப்பானியர் ஆக்கிரமிப்பும், சுதந்திரத்துக்குப் பின் நம் சர்க்காரே செய்த இடிப்புமாகச் சேர்ந்து நான்கு கட்டடங்கள் மறைந்தன. அந்த இடத்தில் 1963-ல் கோவிந்த வல்லப பந்த் ஆஸ்பத்திரி எழுந்தது. ஆஸ்பத்திரி வேண்டியதுதான், இதை இடித்துத்தான் கட்ட வேண்டுமா என்பதே என் ஆதங்கம். எஞ்சிய மூன்றும் பிழைத்தது, பழைய கைதிகளே முதுமையில் கிளர்ந்தெழுந்து வாதாடியதால். 1979 பிப்ரவரி 11-ல் பிரதமர் மொரார்ஜி தேசாய் சிறையைத் தேசிய நினைவுச் சின்னமாக அர்ப்பணித்தார்.

வைஸ்ராய் மேயோ பிரபுவைக் குத்திக் கொன்ற ஷேர் அலி தூக்கிலிடப்பட்ட வைப்பர் தீவுக்கு அடுத்த வாரம் போவோம்.