தொண்டிற் கண்ட இன்பம்: மானிப்பாயில் வைத்தியர் கிறீன்

வாழ்க்கையில் வெற்றி என்பது யாது? பொருள் மிக ஈட்டலும் பெருநகரில் உயர்பதவி வகித்தலுமே அஃது என்பது நம்மிற் பலருடைய எண்ணம். கல்லூரியை விட்டு நீங்கும் மாணாக்கனுக்குப் பெற்றாரும் உற்றாரும் காட்டும் வழியும் பெரும்பாலும் அதுவே. அவ்விரண்டையும் அடைதற்குரிய கல்வியைப் பெற்றிருந்தும், வேறொரு வழியிற் சென்று நிறைவு கண்ட ஒருவரின் வரலாறு நம்மூர்க்கு மிக அணித்தாக, மானிப்பாயிலே உள்ளது.

சாமுவேல் கிறீன் அமெரிக்க நாட்டில், மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில், 1822ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதம் பிறந்தார். நல்லூரில் ஆறுமுக நாவலர் அவதரித்ததும் அவ்வாண்டு திசெம்பரிலேயாம். நியூயோர்க்கில் மருத்துவம் கற்று 1845இற் பட்டம் பெற்ற கிறீன், 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, முதலில் வட்டுக்கோட்டையிலும், 1848 தொடக்கம் மானிப்பாயிலும் பணிபுரிந்தார். நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும் அந்த 1848ஆம் ஆண்டே. ஒருவர் சைவத்தைக் காக்கவும், மற்றவர் கிறிஸ்தவத்தைப் பரப்பவும் முனைந்து நின்றவர்கள். கிறீனின் சமயநோக்கத்தை மறைத்து எழுதுதல் வரலாறாகாது. அந்நோக்கம் நமக்கு உடன்பாடன்று என்பதற்காக அவர் செய்த தமிழ்த்தொண்டை மறத்தலும் முறையாகாது.

மானிப்பாயிலே நோயாளரைப் பார்ப்பதோடு இளைஞர்க்கு மருத்துவம் கற்பிப்பதையும் அவர் தம் கடனாகக் கொண்டார். ஒரு வைத்தியர் எத்துணை உழைப்பினும் அவர் கை எட்டும் எல்லை சிறிது. பல வைத்தியரை ஆக்கினால் அவ்வெல்லை பெருகும். முதலில் வந்த மாணாக்கர்க்கு ஆங்கிலத்திலேயே கற்பித்தார். அவர்கள் நன்றாகக் கற்றனர். ஆயின், ஆங்கிலங் கற்ற வைத்தியர்க்கு அரசாங்க உத்தியோகமும் வெளியூர்ச் சம்பளமும் காத்திருந்தன. எவ்வூர் மக்களுக்காக அவர்களைப் பயிற்றினாரோ அவ்வூரை விட்டு அவர்களிற் பலர் நீங்கினர். ஆசிரியராயிருப்போர் இவ்வேமாற்றத்தை நன்கறிவர்.

இந்நிலையிற் பிறர் மாணாக்கரைக் குறைகூறியிருப்பர். கிறீனோ தம் முறையையே மாற்றினார். உடல்நலங் குன்றி 1857இல் தாயகஞ் சென்ற அவர், 1862இல் மீண்டு வந்து, 1864 முதல் மருத்துவம் முழுவதையும் தமிழிலேயே கற்பிக்கலானார். தமிழிற் கற்றவன் தன் கிராமத்தார் நடுவே தங்குவான் என்பது அவர் துணிபு. மாணாக்கர் தமிழருக்குரிய உடையையும் வழக்கங்களையும் கைவிடலாகாது என்பதும் அவர் விருப்பம். மேனாட்டுப் போதகர் பலரிடம் காணவியலாத மனப்பாங்கு இது. தாம் இல்லாதபோதும் நடைபெறத்தக்கதாகத் தம் தொழிலை அமைப்பதிலே அவர் கருத்தூன்றினார் என்க.

தமிழிற் கற்பிக்க நூல் வேண்டுமே! அந்நூல்களைத் தாமே ஆக்க வேண்டியவரானார். பிரசவ வைத்தியம் 1857இலும், இரணவைத்தியம் 1867இலும் வெளிவந்தன. இலண்டனில் 1858இல் முதன்முதல் வெளியான கிரேயின் உடற்கூற்று நூல், 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயருடன் 1872இலே தமிழாயிற்று. வைத்தியாகரம் அவ்வாண்டிலும், கெமிஸ்தம் 1875இலும் அச்சேறின. கலைச்சொல் வேண்டியவிடத்து முதலிற் தமிழிலே தேடினார். கிடையாவிடின் வடமொழியை நாடினார். அங்கும் இல்லையெனில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைய எழுதினார். 'கெமிஸ்தம்' என்ற பெயரே அம்மூன்றாம் வழிக்குச் சான்று. அந்நடை இன்று நமக்குச் சற்றே கரடுமுரடாகத் தோன்றும். எனினும், தமிழில் மேனாட்டு விஞ்ஞானத்தைக் கூறவியலுமா என்று நம்மவர் வாதம் புரிவதற்கு நெடுங்காலம் முன்னரே, அதனைக் கற்று நோய் தீர்த்த தமிழ் வைத்தியர் நம் ஊர்களில் உலாவினர் என்பதை நினைத்தல் வேண்டும். அவரிடம் பயின்றோர் 60 பேருக்கு மேலாவர்.

மீண்டும் உடல் தளர்ந்தமையால் 1873இல் அவர் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கினார். பிறந்த நகரில், குடும்பத்தோடு ஓய்ந்திருக்கத் தடையேதும் இருந்திலது. அவரோ வூஸ்ரரிலிருந்து கொண்டே தமிழ் மருத்துவ நூல்களை ஆக்குவதிலும் திருத்துவதிலும் பொழுது போக்கினார். பழைய மாணாக்கரின் மொழிபெயர்ப்புக்கள் கடல் கடந்து சென்று, திருத்தம் பெற்று மீண்டன. தமிழ் பேசுவார் ஒருவரும் அருகில் இல்லாத ஓர் ஊரிலே, நோயுற்ற மனிதர் ஒருவர் தமிழ்ச் சொற்களை எடைபோட்டுக் கொண்டிருந்த காட்சியை எண்ணுக! கூலி கருதியோ புகழ் கருதியோ செய்யத்தக்க வேலையன்று அது. அவ்வூரில் அதன் அருமையை அறிவார்தாம் யார்? 1883இல் மனுஷசுகரணமும், 1884இல் இந்துபதார்த்தசாரமும் வெளிவந்தன.

அந்த 1884ஆம் ஆண்டு மே மாதத்திற் கிறீன் காலமானார். அறுபத்தோராண்டு வாழ்வில் அவர் யாழ்ப்பாணத்தில் இருந்தது ஏறத்தாழ இருபத்தோராண்டே. ஆயினும், வூஸ்ரரிலுள்ள அவர் கல்லறையிற் பெயரோடும் ஆண்டுகளோடும் பொறிக்கப்பட்டிருப்பது, அவர் தமிழர்க்கு மருத்துவ ஊழியராயிருந்தார் என்பதும், அவர்தம் சமயநம்பிக்கையைக் கூறும் ஒரு சிறு தொடருமேயாம்.