பெயர்த்தெழுத முடியாத ஏடு

கணியான் கூத்து பற்றிய ஆவணப்படம் ஒன்றைத் தேடி, தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு கல்லூரியின் நூலகத்துக்குப் போயிருந்தேன். இரண்டு வருடங்களுக்கு முன் அங்கேயே கணினியில் பார்த்த படம்தான். இப்போது இணைப்பு திறக்கவில்லை.

"அது இனி வராது அண்ணாச்சி. சந்தா முடிஞ்சிட்டு" என்றார் நூலகர்.

"ஒரு பிரதி இறக்கி வச்சிருக்கலாமே?"

"இறக்க விடமாட்டாம்லா. பார்க்கதுக்கு மட்டுந்தான் காசு."

பின்னாலிருந்த அலமாரியைக் காட்டினார். வரிசையாகப் பழைய விஹெச்எஸ் நாடாக்கள். "இதெல்லாம் நம்மது. ஆனா போட்டுப் பார்க்க மெஷின் இல்ல."

இந்த நிலத்துக்கு இது புதிய இழப்பல்ல. உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போனபோது, கோயிலில் இருந்த பழைய சுவடிகளை ஆகம விதி சொல்லித் தீயில் இட்டுவிட்டதாக அறிந்தார். ஓலை எப்படியும் செல்லரிக்கும். நம்மவர்கள் கண்ட ஒரே மருந்து பெயர்த்தெழுதுவது. ஏடு கையில் இருந்தால் படி எடுக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சங்க இலக்கியம் நம்மிடம் வந்து சேர்ந்தது அந்த வழியில்தான்.

நம் கல்லூரிகளுக்குப் பாடக் காட்சிகள் பரவலாக வரத் தொடங்கியது 1984 ஆகஸ்டில். பல்கலைக்கழக மானியக் குழுவின் பாட நிகழ்ச்சிகள் இன்சாட் செயற்கைக்கோள் வழியே தூர்தர்ஷனில் ஒளிபரப்பாயின. அந்த நேரத்தைத் தவறவிட்டால் நிகழ்ச்சி போனது போனதுதான். அதனால்தான் நாடாவுக்கு மவுசு. நூலகம் அதை விலைக்கு வாங்கும், புத்தகத்தைப் போலவே பதிவேட்டில் எண் போடும். அடுத்த வருடம் பணம் கட்டாவிட்டாலும் நாடா அலமாரியை விட்டு எழுந்து போகாது.

2003-இல் ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்பிடெல் பாடங்களையும் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். இணைய வேகம் போதாத கல்லூரிக்குப் பெரிய உதவி அது.

சந்தா வழி ஓடைக்காட்சி இந்தக் கணக்கை மாற்றியது. நூலகம் இதில் படத்தை வாங்குவதில்லை. பார்க்கும் அனுமதியைத்தான் வாங்குகிறது. 2008-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய கனோபி, பார்க்கப்படும் அளவுக்கு ஏற்ப நூலகத்திடம் பணம் வாங்கும் முறையைப் பரப்பியது. வாசகர் கூடக்கூடச் செலவும் கூடும். 2019-இல் நியூயார்க் பொது நூலகமே இது கட்டுப்படியாகவில்லை என்று விலகிக்கொண்டது. நம்மூர்க் கல்லூரி எம்மாத்திரம்?

சட்டமும் கவனிக்க வேண்டியது. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், வணிக நோக்கற்ற பொது நூலகம் பாதுகாப்புக்காக ஒரு படைப்பை மின்வடிவில் சேமிக்கலாம் என்கிறது. ஒரு நிபந்தனை: மின்வடிவமல்லாத பிரதி ஏற்கெனவே அந்த நூலகத்திடம் இருக்க வேண்டும். அதாவது, பெயர்த்தெழுதும் சலுகை ஏடு வைத்திருப்பவருக்கே. சந்தா மட்டும் கட்டியவரிடம் பெயர்த்தெழுத ஏடே இல்லை.

வெளிநாட்டுப் படம் மறைந்தால் வேறெங்காவது கிடைக்கும். மகுடம் அடித்து, சுடலைமாடன் கதையை அண்ணாவி பாடிய ஒரு கொடை இரவு? அதே அண்ணாவி, அதே இரவு திரும்ப வராது. இத்தகைய கலைகளைப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர்கள் களத்துக்கே போய்ப் பதிவு செய்தார்கள். விலைக்குக் கிடைக்காததை நூலகம் இப்படித்தான் சேர்க்க முடியும். ஆனால் பாடியவரின் சம்மதம் முக்கியம். 1994 திருத்தம் நிகழ்த்துகலைஞருக்கும் தனி உரிமை தந்திருக்கிறது.

ஆகவே நூலகங்கள் ஒப்பந்தத்தில் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை ஆயிரம் படங்கள் என்பதல்ல. சந்தா முடிந்த மறுநாள் நம்மிடம் என்ன மிஞ்சும் என்பதைத்தான். உள்ளூர்ப் படங்களுக்காவது கோப்பையே கையில் வாங்கிவிட வேண்டும்.

நாடாக்களுக்கும் அவகாசம் குறைவு. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016-இல் விசிஆர் தயாரிப்பை நிறுத்தியதோடு அந்த எந்திரத்தின் காலமே முடிந்தது.

கிளம்பும்போது நூலகர் சொன்னார்: "டவுன்ல கல்யாண வீடியோ எடுக்கிற ஒருத்தர்ட்ட இன்னும் ஓடுற பிளேயர் இருக்காம். கேட்டுப் பார்க்கேன்."

"இன்னைக்கே கேளுங்க" என்றேன்.