லண்டனில் ஒரு ஜாகை

புதிய ஊருக்குச் செல்பவன் எதிர்கொள்ளும் முதல் வினா, எதைக் காண்பது என்பதன்று. இரவில் எங்கே படுப்பது என்பதே. சிற்றூரில் இவ்வினாவிற்கு விடை எளிது. சத்திரம் உண்டு, சாவடி உண்டு, ஒன்றுமில்லாவிடில் எவரேனும் ஒருவர் வீட்டுத் திண்ணை உண்டு. பெருநகரத்திலோ ஆயிரம் கதவுகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு விலை கேட்கும். எந்தக் கதவைத் தட்டினோம் என்பதைப் பொறுத்தே நாம் யாரோடு பழகுவோம், எதை உண்போம், கையிலுள்ள பணம் எத்தனை நாள் நிற்கும் என்பனவெல்லாம் அமைகின்றன. வரலாற்று நூல்களில் போர்களும் சட்டங்களும் பேசப்படும் அளவுக்குக் குடிக்கூலி பேசப்படுவதில்லை. எனக்கோ அதில் ஒரு தனி ஈடுபாடு. நம் நாட்டு மாணவர்கள் லண்டன் மாநகரில் தங்க இடம் தேடிய கதையை, அதிலும் சிறப்பாக ஒரு மாணவரின் கதையை, இன்று உங்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன்.

1888ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் மோகன்தாஸ் காந்தி பம்பாயில் கப்பலேறினார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது நிறையவில்லை. பாரிஸ்டர் படிப்புக்கான பணத்தை அவருடைய தமையனார் முயன்று திரட்டினார். புலாலையும் மதுவையும் தீண்டுவதில்லை என்று அன்னையிடம் செய்து கொடுத்த சத்தியம் ஒன்றும் உடன் சென்றது. கையில் நான்கு அறிமுகக் கடிதங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று தாதாபாய் நௌரோஜிக்கு உரியது. ஆயினும் லண்டனில் அவர் முதன்முதல் தங்கிய இடத்தைத் தீர்மானித்தவை அக்கடிதங்கள் அல்ல. கப்பலில் உடன் வந்த ஒருவர் விக்டோரியா ஓட்டலின் பெயரைச் சொன்னார். அங்கேயே சென்று இறங்கினார். வெள்ளைப் பிளானல் உடையில் வந்திருந்த அவருக்கு, அவ்வுடையணிந்தவர் வேறெவரும் அந்நகரில் இல்லை என்பது பின்னரே தெரிந்தது. அன்று சனிக்கிழமை. பெட்டிகள் முகவரிடம் அகப்பட்டிருந்தமையால் திங்கட்கிழமை வரை மாற்றுடைக்கும் வழியில்லை.

ஓட்டலின் கணக்குச் சீட்டைக் கண்டதும் அவர் திடுக்கிட்டார். மூன்று பவுன்! ஒரு பண்டம் பிடிக்கவில்லையென்று வேறொன்றைக் கேட்டால், இரண்டிற்கும் விலை கொடுக்கவேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். இத்தனைக்கும் அவர் வயிறார உண்டாரில்லை. அக்காலத்து நாணயம் உங்களுக்குப் பழக்கமற்றது. ஒரு பவுனுக்கு இருபது ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ். அந்த மூன்று பவுனின் மதிப்பு எத்தகையது என்பது இக்கதையில் சற்றுப் பின்னர் விளங்கும்.

ஓட்டலை விட்டு ஒரு வாடகை அறைக்கு மாறினார்கள். அங்கே வந்து பார்த்தார் டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா. அறையும் அவருக்குப் பிடிக்கவில்லை. இங்கிலாந்துக்கு வருவது ஏட்டுக் கல்விக்காக மட்டுமன்று, அந்நாட்டார் வாழும் முறையை அறிவதற்காகவும்தான். ஆதலால் ஒரு குடும்பத்தோடு தங்குவதே முறை என்பது அவர் கருத்து. இது நல்ல அறிவுரை என்றே நான் கருதுகிறேன். ஆனால் காந்தியின் சத்தியத்தை அது கணக்கில் கொள்ளவில்லை. முதலில் ரிச்மண்டில் ஒரு நண்பருடன் ஏறத்தாழ ஒரு திங்கள் தங்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சி. பகலிலும் இரவிலும் கீரை, ரொட்டி, பழப்பாகு. இரண்டு மூன்று துண்டு ரொட்டிக்கு மேல் கேட்க நாணம். புலால் உண்ணச் சொல்லி நண்பர் நாள்தோறும் வாதாடினார். ஒருநாள் பெந்தாமின் நூலையே எடுத்துப் படித்துக் காட்டினார். வாதத்தில் வெல்லும் வலிமை காந்திக்கு இல்லை. சத்தியத்தை விடவும் மனமில்லை.

அதன்பின் மேற்குக் கென்சிங்டனில் ஒரு கைம்பெண்ணின் வீட்டில் இடம் கிடைத்தது. அவ்வம்மையாரின் கணவர் இந்தியாவில் இருந்தவர். வீட்டில் இரண்டு பெண்கள். அவர்கள் இரக்கப்பட்டு இன்னும் ஒரு துண்டு ரொட்டி வைப்பார்கள். முழு ரொட்டியே வேண்டியிருந்த இளைஞனுக்கு அது எம்மட்டு! புலாலின்றி என்ன சமைப்பது என்று அவ்வம்மையாருக்கும் தெரியவில்லை. பசி தாளாமல் நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் வீதிகளில் அலைந்து, ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவு விடுதியைக் கண்டுபிடித்தார். வாசலில் விற்பனைக்கிருந்த ஹென்றி சால்ட்டின் சைவ உணவு பற்றிய நூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு உள்ளே சென்றார். இங்கிலாந்துக்கு வந்தபின் வயிறு நிறைந்தது அன்றுதான். அன்னைக்காகக் காத்துவந்த நோன்பு, அந்நூலைப் படித்த பிறகு அவருடைய சொந்தக் கொள்கையாயிற்று. அவ்வீட்டில் உணவு குறைவின்றிக் கிடைத்திருந்தால் அவர் அத்தெருவுக்கு அலைந்திருப்பாரோ என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

ஆங்கிலக் கனவானாக வேண்டுமென்ற ஆசையில் புது உடுப்பும் நடனப் பயிற்சியும் வயலினுமாகச் சில மாதங்கள் கழிந்தன. அதைப் பற்றி நீங்கள் முன்னரே படித்திருப்பீர்கள், விரிக்கவில்லை. ஆனால் அந்நாளிலும் அவர் ஒவ்வொரு செலவையும் காசு தவறாமல் எழுதி, இரவில் படுக்குமுன் கூட்டிப் பார்த்தார். குடும்பத்தோடு தங்குவதில் மறைவான செலவுகள் பல இருப்பதை அக்கணக்கே காட்டிக்கொடுத்தது. வாரந்தோறும் ஒரு தொகை கொடுத்தாக வேண்டும். வெளியில் உண்டாலும் அதில் கழிவு இல்லை. மரியாதைக்காக வீட்டாரை விருந்துக்கு அழைத்துச் செல்லவேண்டும். வண்டிச் சத்தமும் தாமே தரவேண்டும். செலவைப் பாதியாக்கத் துணிந்தார்.

மாணவ நண்பர்களே, அவர் கண்ட வழியைக் கவனியுங்கள். தனியாக அறைகள் எடுத்தார். அவற்றைத் தேர்ந்தபோது முதலில் பார்த்தது தூரத்தை. போகவேண்டிய இடத்தை அரைமணி நேரத்தில் நடந்து அடையக் கூடியதாக ஜாகை இருக்கவேண்டும். வேலை மாறினால் ஜாகையும் மாறும். வண்டிக் கூலி மிஞ்சியது. நாளொன்றுக்கு எட்டுப் பத்து மைல் நடை உடலுக்கும் உரமாயிற்று. நகரத்தின் பல பகுதிகளில் வாழ்ந்து பார்க்கும் வாய்ப்பும் கூடவே வந்தது. பின்னர், வாரம் இரண்டு ஷில்லிங் வாடகையில் சேரிப்பகுதி அறையொன்றில் வசித்து, இரண்டு பென்ஸுக்குக் கோகோவும் ரொட்டியும் உண்டு காலந்தள்ளிய ஏழை மாணவர் ஒருவரை அறிந்தார். தாம் இன்னும் ஆடம்பரமாகவே வாழ்வதாக அவருக்குப் பட்டது. இரண்டு அறையை விட்டு ஓர் அறைக்கு வந்தார். ஓர் அடுப்பு வாங்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும், பகலுணவு வெளியில், இரவில் ரொட்டியும் கோகோவும். நாளொன்றுக்கு உணவுச் செலவு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ்.

இப்போது அந்த ஓட்டல் சீட்டை மறுபடி எடுத்துப் பாருங்கள். மூன்று பவுன் என்பது இக்கணக்கில் நாற்பத்தெட்டு நாள் உணவு. அந்த ஏழை மாணவருக்கோ முப்பது வாரக் குடிக்கூலி. 1891 ஜூன் 10ஆம் நாள் காந்தி பாரிஸ்டரானார். இரண்டு நாளில் ஊர் திரும்பக் கப்பலேறினார். பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, லண்டனுக்குச் செல்லும் மாணவர்க்கென ஒரு வழிகாட்டி எழுதினார். வாரம் ஒரு பவுனில் அங்கே நன்றாக வாழலாம் என்று காட்டும் அந்நூல் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை.

அவருக்குப் பின் சென்றவர்கள் இத்தனை தனிமைப்பட வேண்டியிருக்கவில்லை. ஆனால் வேறு சங்கடங்கள் தோன்றின. 1905இல் சியாம்ஜி கிருஷ்ணவர்மா, ஹைகேட் பகுதியில் குரோம்வெல் அவென்யூவிலுள்ள ஒரு வீட்டை இந்திய மாணவர் விடுதியாக்கினார். அதுவே ‘இந்தியா ஹவுஸ்’. சாவர்க்கரும் நம் வ.வே.சு. ஐயரும் அங்கே வசித்தவர்கள். சட்டம் படிக்கச் சென்றவர் புரட்சியாளரானது அவ்வீட்டின் கூடத்திலேதான். 1909 ஜூலையில் கர்சன் வில்லி சுட்டுக் கொல்லப்பட்டபின் அவ்விடுதி கலைந்தது. அரசாங்கமும் தன் பங்குக்கு, குரோம்வெல் ரோடு 21ஆம் எண் வீட்டில் மாணவர்களுக்குத் தங்க இடம் அளித்தது. உதவி என்ற பெயரில் தங்களை வேவு பார்க்கிறார்கள் என்று மாணவர் பலர் ஐயுற்று அதை நெருங்க அஞ்சினர். கணிதமேதை இராமானுஜன் 1914 ஏப்ரலில் லண்டனில் இறங்கியதும் கேம்பிரிட்ஜ் செல்லுமுன் சில நாள் தங்கியது அவ்வீட்டில்தான். அவருக்கு அரசியல் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. இவ்விரு வகையிலும் சேராத ஒரு விடுதி 1920இல் பிறந்தது. கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் சார்பில் அதை நிறுவியவர் சேலத்தில் பிறந்த கே. டி. பால். இந்தியர்களே நடத்தியமையால் மாணவர்கள் அச்சமின்றிச் சென்றனர்.

காந்தியடிகள் கதைக்கு மீள்வோம். 1906இல் தென்னாப்பிரிக்க இந்தியரின் தூதராக லண்டனுக்கு வந்தபோது, ஸ்ட்ராண்டு வீதியில் இருந்த சிசில் ஓட்டல் என்னும் பெரிய விடுதியில் தங்கினார். சிக்கனம் கைவிட்டதோ என்று ஐயுறவேண்டாம். அமைச்சர்களையும் பார்லிமெண்டு உறுப்பினர்களையும் பத்திரிகைக்காரர்களையும் நாள்தோறும் காணவேண்டியிருந்தது. அவர்கள் இருந்த இடத்துக்கு அருகே இருந்தாக வேண்டும். மாணவப் பருவத்து அரைமணி நேரக் கணக்குத்தான் இதுவும்.

1931இல் வட்டமேஜை மாநாட்டிற்கு வந்தபோதோ அக்கணக்கை அவரே மீறினார். மாநாடு செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில். அவர் தங்கியது ஐந்து மைலுக்கு அப்பால், கிழக்கு லண்டனில், உழைப்பாளிகள் நெருங்கி வாழ்ந்த போ என்னும் பகுதியில். அங்கே மியூரியல் லெஸ்டர் அம்மையார் நடத்திவந்த கிங்ஸ்லி ஹாலின் மேல்மாடியில் ஒரு சிற்றறை. நண்பர்கள் வருந்தினர், நடுநகரில் நைட்ஸ்பிரிட்ஜில் ஓர் அலுவலக வீடும் ஏற்பாடாயிற்று. பகலில் அதைப் பயன்படுத்தினார். இரவு எந்நேரமானாலும் போவுக்கே திரும்பினார். ஏழைகளின் பேராளராக வந்தவர் ஏழைகளிடையே தங்குவதே பொருந்தும் என்பது அவர் எண்ணம். விடியுமுன் எழுந்து பிரார்த்தனை. பிறகு அத்தெருக்களில் நடை. வீட்டுச் சன்னல்களிலிருந்து மக்கள் அழைப்பார்கள். பிள்ளைகள் ‘காந்தி மாமா’ என்று உடன் ஓடிவருவார்கள். முதன்முறை லண்டனுக்கு வந்த சில நாட்களில் அவருக்குப் பத்தொன்பது வயது நிறைந்தது. இம்முறை அக்டோபர் 2ஆம் நாள் அறுபத்திரண்டு. அத்தெருப் பிள்ளைகள் கம்பளி நாய்ப் பொம்மைகளும் இளஞ்சிவப்பு மெழுகுவத்திகளும் பிறந்தநாள் பரிசாக அனுப்பினார்கள்.