குலோத்துங்கன்: ஸ்கோர்போர்டில் இல்லாத பேர்

குலோத்துங்கன்னு சொன்னா அரியலூர்க்காரங்களுக்கு ஒரே ஆள்தான். 1070-ல் பட்டத்துக்கு வந்து, நம்ம கங்கைகொண்ட சோழபுரத்துல இருந்து ஆண்ட சோழ ராஜா. இன்னைக்குப் பேசப்போறது இன்னொரு குலோத்துங்கனைப் பத்தி. திருமானூர் தாண்டி கொள்ளிடம் பாலம் ஏறினா வருமே தஞ்சாவூர், அங்கிருந்து கொல்கத்தா போய் ஃபுட்பால் ஆடினவர். மிட்ஃபீல்டர்.

2003-ல எனக்கு ஏழு வயசு. அந்த வருஷம்னா எனக்கு உலகக்கோப்பை கிரிக்கெட் ஃபைனல் தோத்தது மட்டும்தான் ஞாபகம். அதே வருஷம் ஜூலையில ஜகார்த்தாவுல நடந்த ஆசியான் கிளப் கோப்பையை ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சது எனக்குக் காலேஜ் முடிச்சப்புறம்தான் தெரியும்.

அந்த ஜெயிப்பு லேசுப்பட்டது இல்ல. ஃபைனல்ல எதிரே நின்னது தாய்லாந்தின் பிஇசி டெரோ சாசனா. அதே வருஷம் ஆசிய சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் வரைக்கும் போன டீம். முதல் மேட்ச்ல அவங்ககிட்டயே ஈஸ்ட் பெங்கால் 0-1னு தோத்திருந்தது. ஃபைனல்ல 3-1. கோல் போட்டது மைக் ஒகோரோ, பாய்ச்சுங் பூட்டியா, அல்விட்டோ டி'குன்ஹா. பயிற்சியாளர் சுபாஷ் பௌமிக். கோப்பை ஜெயிச்ச அந்த அணியில நம்ம தஞ்சாவூர்க்காரரும் ஒருத்தர்.

தேடிப் பார்த்தா கோல் போட்டவங்க பேர்தான் முதல்ல வருது. என் வேலையும் இப்படித்தான். ஆப் நல்லா இருக்குன்னா ஸ்கிரீனைப் பாராட்டுவாங்க, பின்னாடி சர்வர் கோட் எழுதினவனை எவனும் கேட்க மாட்டான். மிட்ஃபீல்டர் பந்தைப் பிடுங்கணும், ஓடணும், கொடுக்கணும். அதுக்குக் கணக்கு கிடையாது.

அப்போ அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? யார் யார் கூப்பிட்டாங்கன்னு பார்க்கலாம். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங், மூணு கிளப்புக்கும் ஆடியிருக்கார். கொல்கத்தாவுல இது சாதாரண விஷயம் இல்ல. ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சா ஹில்சா மீன், மோகன் பகான் ஜெயிச்சா இறால்னு சமையல்கட்டு வரைக்கும் பிரிஞ்சு கிடக்கிற ஊர் அது. அங்க ஒரு வெளியூர்க்காரரை எதிர் டிரெஸ்ஸிங் ரூமும் ஏத்துக்குதுன்னா, கூட ஆடினவங்க அவரைப் பத்தி நல்லவிதமாச் சொல்லியிருக்கணும். இது என் கணிப்புதான். அதுக்கப்புறம் விவா கேரளா, மும்பை எஃப்சி.

பிறகு ஊருக்கே திரும்பிட்டார். 2018 அக்டோபர்ல தஞ்சாவூர்ல நடந்த பைக் விபத்துல இறந்துபோனார். வயசு நாப்பதை ஒட்டி. இந்திய ஃபுட்பால் வட்டாரத்துல அது பெரிய செய்தி. அம்பது கிலோமீட்டர்கூட இல்லாத எங்க ஊர்ல, நான் கேட்ட பத்துப் பேர்ல ஒருத்தருக்கும் அவர் பேர் தெரியல. அந்தப் பத்துல ரெண்டு பேர் ஸ்கூல் டீம்ல ஃபுட்பால் ஆடினவங்க.

தஞ்சாவூர் மைதானங்கள்ல அவரோட ஆடினவங்க யாராவது இதைக் கேட்டா, ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அவர் பந்தை வாங்கினா முதல்ல எந்தப் பக்கம் திரும்புவார்னு சொன்னாக்கூடப் போதும். அடுத்த எபிசோட்ல சேர்த்துக்கிறேன்.